மணி மருந்திலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு

பெர்குளோரேட் பிறப்பது உப்புக் கரைசலில். சாதாரண உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் அதிலுள்ள குளோரின் ஆக்சிஜனோடு சேர்ந்து குளோரேட் ஆகும். விடாமல் பாய்ச்சினால் பெர்குளோரேட். அதோடு பொட்டாசியம் சேர்த்துப் படியவைத்த வெள்ளைத் தூள்தான் மூட்டை மூட்டையாக விருதுநகர் மாவட்டத்துக் கந்தக பூமிக்கு, சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு, வந்து இறங்குகிறது.

குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உரசலுக்கே பற்றிக்கொள்ளும் என்பதால் அந்தக் கலவைக்கு மத்திய அரசு 1992-இல் தடை விதித்தது. பெர்குளோரேட் அவ்வளவு முன்கோபி அல்ல. வானில் விரியும் ஃபேன்சி ரகங்களுக்காகச் சிறு மணிகளாக உருட்டும் மணி மருந்தில் நிறத்தைக் கொடுப்பது ஸ்ட்ரான்சியம், பேரியம் போன்ற உலோக உப்புகள். மருந்து எரிய ஆக்சிஜன் கொடுப்பது பெர்குளோரேட்.

முழுதாக எரிந்துவிட்டால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. அதனால் பெரிய கேடில்லை. எரியாமல் தங்குவதில்தான் வினை இருக்கிறது: மருந்து கலக்கும் அறையில் சிந்திய தூள், தரையைக் கழுவிவிட்ட தண்ணீர், காயவைக்கும் மேடையிலிருந்து உருண்டோடிய மணிகள், வெடிக்காமல் விழுந்தவை. ஐப்பசி மழை இறங்கியதும் இவை கரையும். களிமண் துகளுக்கும் எதிர்மின்னேற்றம், பெர்குளோரேட்டுக்கும் எதிர்மின்னேற்றம். மண்ணில் பிடி கிடைக்காமல் அது நேரே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடுகிறது.

ஜப்பானிய, தமிழக ஆய்வாளர்கள் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சிவகாசிப் பகுதி நிலத்தடி நீரில் சில இடங்களில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் பெர்குளோரேட் இருப்பதைக் காட்டியது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வைத்த அளவு 70. தைராய்டு சுரப்பி அயோடினை உள்ளே இழுக்கும் வாசலைப் பெர்குளோரேட் அடைத்துக்கொள்கிறது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பு வேண்டும். பட்டாசு ஆலைகளிலும் அவற்றைச் சுற்றிய ஊர்களிலும் எத்தனை பெண்கள் என்று நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணை வெறும் எண்ணாக வாசிக்க என்னால் முடியவில்லை.

மேற்பரப்பில் ஓடும் பங்கு அர்ச்சுனா நதியைப் பிடிக்கிறது. கொல்வார்பட்டி அணையைத் தாண்டி, இருக்கன்குடியில் வைப்பாறோடு சேர்ந்து, விளாத்திகுளம் வழியாகச் சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலப்பது அந்த ஆற்றின் வழி. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு இது. அதனால் சேர்ந்த உப்பெல்லாம் முதல் வெள்ளத்தில் மொத்தமாகக் கிளம்பும். வழியில் பெர்குளோரேட்டைத் தின்னும் நுண்ணுயிர்களும் உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வாணவேடிக்கை நடந்த ஏரி ஒன்றில் 14 மணி நேரத்துக்குள் ஆயிரம் மடங்கு வரை ஏறிய பெர்குளோரேட், 20 முதல் 80 நாளில் பழைய நிலைக்கு இறங்கியது. ஆனால் காற்றில்லாத சேற்றில் வேலை செய்யும் அந்த உயிர்களில் பல, நைட்ரேட் கிடைத்தால் முதலில் அதைத்தான் எடுக்கும். பட்டாசு மருந்தில் நைட்ரேட்டும் தாராளம்.

கழிமுகத்தில் ஒரே மருந்தில் புறப்பட்ட இருவர் பிரிகிறார்கள். கடல்நீரில் நிறைந்த சல்பேட்டைக் கண்டதும் பேரியம் பேரியம் சல்பேட்டாகி வண்டலில் படியும். பெர்குளோரேட் தண்ணீரோடே போய்விடும். வண்டலை மட்டும் வாரி வந்து சோதிப்பவர் பேரியத்தைப் பிடிப்பார், இதைத் தவறவிடுவார்.

தண்ணீரை எடுத்தாலும் லேசில்லை. லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு உள்ள கடல்நீரில் சில மைக்ரோகிராமைத் தேடுவது, ஆடிக் கடைசி வெள்ளி இருக்கன்குடிக் கோயில் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுவது மாதிரி. நன்னீரிலேயே 1997-இல் கலிஃபோர்னியா ஆய்வகம் லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் வரை குறைந்த அளவையும் காணும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் கொலராடோ ஆற்றில் இது இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. கடல்நீர் என்றால் மாதிரியை முதலில் வெள்ளி அடைத்த சிறு குழல் வழியே விட்டுக் குளோரைடை நிறுத்துவார்கள். பேரியம் அடைத்த குழல் சல்பேட்டை நிறுத்தும். ஆற்றில் கூட வந்த அதே பேரியம் இங்கே வழிவிடும் காவலாள். பிறகு நிறைமானியில் 99 என்ற நிறையைப் பிடித்து உடைத்தால், ஓர் ஆக்சிஜன் கழன்று 83 வர வேண்டும். குளோரினின் கனமான ஐசோடோப்பு 101-லிருந்து 85 தர வேண்டும். இரண்டும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நின்றால்தான் ஆள் இவன் என்று எழுதலாம்.

பேரியத்தை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசிலிருந்து விலக்கியது. ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தில் அதற்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்ற வரம்பும் உண்டு. பெர்குளோரேட்டுக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. பட்டியலில் இல்லாததை எந்தச் சோதனைக்கூடமும் தானாகத் தேடாது. கிணற்று நீரைக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு எல்லாம் அச்சடித்து வரும், இது வராது.

வரம்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் கொல்வார்பட்டியைத் தாண்டும் அன்று ஒரு போத்தல், இருக்கன்குடியில் ஒன்று, சிப்பிகுளத்தில் ஒன்று, கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்களுக்கு இறைக்கும் நீரில் ஒன்று. கரையோரக் கடற்பாசியையும் சேர்க்க வேண்டும். கெல்ப் என்ற பழுப்புப் பாசி அயோடினைச் சேர்ப்பதோடு பெர்குளோரேட்டையும் உடலில் சேர்த்துவைக்கிறது என்று அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. ஆண்டுதோறும் அதே இடங்களில், முதல் வெள்ளத்திலும் தீபாவளிக்கு முன்னும் பின்னும் எடுத்தால் போதும்.