துடித்த விளக்கும் 1959-ஆம் ஆண்டும்

கதிர்காமத்தில் நண்பர் வீட்டில் புதிய ‘ஸ்மார்ட்’ டிம்மரைக் குறைத்தால் 12 வோல்ட் ஹாலஜன் விளக்குகள் துடித்தன, மின்மாற்றி முனகியது. விளக்குகளையே எறியவிருந்தார்!

குற்றம் எங்கே? 1959-இல் அமெரிக்காவில் பிரிட்ரிக், வைலி இருவரும் ஹாலஜன் விளக்குக்குக் காப்புரிமை பெற்றனர். ஜோயல் ஸ்பைரா குறைகடத்தி டிம்மரை உருவாக்கியதும் அவ்வாண்டே. முன்பெல்லாம் மின்தடையைக் கூட்டி ஒளியைக் குறைத்தார்கள். மிச்ச ஆற்றல் வெப்பமாய் வீணாயிற்று. குறைகடத்தி டிம்மரோ ஒவ்வோர் அரைச் சுற்றிலும் (நம் நாட்டில் 10 மில்லி விநாடி) மின்னோட்டத்தைத் தாமதித்துத் திடீரெனத் திறந்துவிடுகிறது. சாதாரண இழை விளக்குக்கு இது பொருந்தும். பின்னர் வந்த மின்னணு மின்மாற்றிக்குள் மின்தேக்கி உண்டு. திடீர்த் திறப்பை அது தாங்காது. அதற்காகவே அரைச் சுற்றின் கடைசிப் பகுதியை வெட்டும் டிம்மர்கள் தோன்றின.

அவ்வகையை மாற்றிப் பொருத்தினோம். துடிப்பு நின்றது. ஆனால் எந்நேரமும் மங்கலாகவே எரித்தால் ஹாலஜன் சுழற்சி தடைப்பட்டு, டங்ஸ்டன் படிந்து குமிழ் கறுக்கும். இடையிடையே முழு ஒளியில் சற்று நேரம் எரியவிட வேண்டும்.