மூடிய குழியின் நியாயம்: காயல் கடல்வழியும் பல்லாங்குழியின் விரும்பப்படாத விதியும்

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டுகளில் ஆடுவோரின் வெறுப்பைப் பெறும் விதிகள் சில உண்டு. தமிழ் மரபில் பல்லாங்குழியின் 'மூடிய குழி' விதி அத்தகையது. ஒரு சுற்றில் தோற்றவர் நிரப்ப இயலாத குழிகளை இழந்த நிலையிலேயே அடுத்த சுற்றை ஆட வேண்டும் என்பது அவ்விதி. இருபதாம் நூற்றாண்டின் வணிக வடிவங்களும் அவற்றின் வழிவந்த கணினி வடிவங்களும் இவ்விதியைக் கைவிட்டன. காயல்பட்டினத்தை உள்ளடக்கிய இந்தியப் பெருங்கடல் வணிகப் பரப்பின் பின்னணியில் இவ்விதியின் செயற்பாட்டையும் வரலாற்று மதிப்பையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. விரும்பப்படாத விதி நீக்கப்படும்போது விளையாட்டின் உள்ளமைப்பும் அதன் உறவுமுறைக்கான சான்றும் ஒருங்கே மறைகின்றன என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: பல்லாங்குழி, காயல்பட்டினம், சோழி, சொங்காக், கலாஹ், விளையாட்டு விதிகள்

முன்னுரை

விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விளையாட்டின் பெயர், பலகை, காய் ஆகியவற்றையே பதிவு செய்கின்றனர். விதிகள் பின்னிணைப்பாகவே இடம்பெறுகின்றன. விதிகளுக்குள்ளும் ஆடுவோர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்கும் விதிகள் எளிதில் விடுபடுகின்றன. தாயத்தில் ஒன்று விழாதவரை காயை இறக்க இயலாமை, பரமபதத்தில் மேற்கட்டங்களில் காத்திருக்கும் நீண்ட பாம்பு, பல்லாங்குழியில் தோற்றவரின் மூடிய குழி ஆகிய மூன்றும் இவ்வகையின. ஒவ்வொன்றும் முன்னேற்றத்தைத் தடுப்பது அல்லது பறிப்பது.

இத்தகைய கூறுகளைப் பற்றிய விவாதம் இன்று காணொளி விளையாட்டுகளைச் சார்ந்து மிகுதியாக நிகழ்கின்றது. 1980இல் வெளிவந்த 'ரோக்' என்னும் கணினி விளையாட்டில் இறந்த பாத்திரம் மீள்வதில்லை. ஆட்டத்தை முதலிலிருந்தே தொடங்க வேண்டும். 1996இல் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டநிலையைச் சேமிக்கும் வாய்ப்பையே அளவிட்டு வழங்கியது. 2011இல் வெளிவந்த 'டார்க் சோல்ஸ்' இறந்தவர் ஈட்டியதை இறந்த இடத்திலேயே கிடத்தியது. அதனை எடுக்குமுன் மீண்டும் இறந்தால் அனைத்தும் இழப்பு. இவற்றை வெறுத்தோர் பலர். இவையே அவ்விளையாட்டுகளின் உயிர் எனக் காத்துப் பேசியோரும் உளர். இவ்விவாதம் புதியதன்று என்பதற்குப் பல்லாங்குழி சான்று.

காயலும் கடல்வழியும்

தாமிரபரணியின் கழிமுகம் பாண்டியர் காலத் துறைமுகங்களின் வரிசையைக் கொண்டது. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலக, கொற்கையின் இடத்தைக் காயல் பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயில்' எனக் குறித்த துறைமுகத்தைப் பழையகாயல் பகுதியோடு கால்டுவெல் இனங்கண்டார். அரபு, பாரசீக வணிகரின் குதிரைகள் இத்துறையில் இறங்கின. மன்னார் வளைகுடாவின் முத்துகள் இங்கிருந்து ஏறின. இதன் தெற்கே அமைந்த காயல்பட்டினம் அவ்வணிக மரபின் தொடர்ச்சியாய் விளங்குவது. இலங்கையின் மாணிக்கக்கல் வணிகத்தில் இவ்வூரார் பெற்ற இடம் பலரும் அறிந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபிலும் இவ்வூருக்குச் சிறப்பிடம் உண்டு.

இக்கடல்வழியில் பொருள்களோடு சோழியும் சென்றது. 1340களில் மாலத்தீவில் தங்கிய இபின் பதூதா, அங்குச் சோழி நாணயமாக வழங்கியதையும், வங்காளத்து அரிசிக்கு மாற்றாக அது ஏற்றுமதியானதையும், ஏமன் நாட்டார் கப்பலின் அடிப்பாரமாக மணலுக்குப் பதில் அதனை ஏற்றியதையும் பதிவு செய்துள்ளார். நாணயமாகவும் பாரமாகவும் பயணித்த இச்சோழியே பல கரைகளில் குழி விளையாட்டின் காயாகவும் பயன்பட்டது.

குழி விளையாட்டுகளின் பொதுப்பெயராக இன்று உலகெங்கும் வழங்கும் 'மன்கலா' என்னும் அரபுச்சொல் 'இடம் பெயர்த்தல்' எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. மாலத்தீவில் பக்கத்துக்கு எட்டுக் குழிகளுடன் ஆடப்படுவது 'ஓவல்ஹு'. இலங்கையில் குன்றிமணியைக் காயாகக் கொண்டது 'ஒலிந்த கெலிய'. மலாய் நாட்டிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் 'சொங்காக்', 'டாக்கோன்' என்னும் பெயர்கள் வழங்குகின்றன. தமிழில் பல்லாங்குழி, பன்னாங்குழி என வழங்குவதைப் பதினான்கு குழி என்பதன் திரிபாகக் கொள்வோர் உளர். இந்நிலங்கள் யாவும் காயல் வணிகரின் கடற்பரப்பிற்குள் அடங்குவன.

விதியின் செயற்பாடு

பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உள்ளன. குழிக்கு ஐந்து அல்லது ஆறு காய்கள் இடுவது ஊருக்கு ஊர் வேறுபடும். புளியமுத்து, சோழி, மஞ்சாடி ஆகியன காய்களாகும். ஆடுபவர் தம் குழியொன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வர். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வர். அடுத்த குழி வெறுமையாயின் அதற்கு அப்பாலுள்ள குழியின் காய்களைக் கைப்பற்றுவர். இரு குழிகள் தொடர்ந்து வெறுமையாயின் ஆட்டம் எதிராளிக்குச் செல்லும். ஆட்டத்தினிடையே ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது 'பசு'; குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வர்.

குழிக்கு ஐந்தாக எழுபது காய்களைக் கொண்டு தொடங்கிய ஆட்டத்தில் முதற்சுற்று 44, 26 என முடிந்ததாகக் கொள்வோம். வென்றவர் தம் ஏழு குழிகளையும் 35 காய்களால் நிரப்பி, ஒன்பதைக் கையில் வைத்துக்கொள்வார். தோற்றவர் ஐந்து குழிகளை 25 காய்களால் நிரப்புவார். அவரிடம் ஒரு காய் எஞ்சும். நிரம்பாத இரு குழிகள் குச்சியோ துரும்போ இட்டு விலக்கப்படும். அவற்றில் எவரும் காய் இடுவதில்லை. மேலை நாட்டு விளையாட்டு வரலாற்று நூல்கள் இக்குழிகளைக் 'குப்பைக் குழி' என்னும் பொருள்படக் குறிக்கின்றன. தோற்றவர் அடுத்த சுற்றின் முடிவில் முப்பது காய்களை எட்டினால் ஒரு குழியையும், முப்பத்தைந்தை எட்டினால் இரண்டையும் மீட்கலாம். ஒரு குழியைக்கூட நிரப்ப இயலாதபோதே ஆட்டம் முடியும்.

இவ்விதி வெறுக்கப்படுவதற்கான காரணங்கள் வெளிப்படையானவை. முதலாவதாக, தோல்வி அச்சுற்றோடு நிற்பதில்லை. அடுத்த சுற்றின் மூலதனத்தையும் குறைக்கின்றது. இரண்டாவதாக, தம் பக்கத்தில் குழிகள் குறைவதால் தோற்றவருக்குப் பசு கிட்டும் இடங்களும் குறைகின்றன. மூன்றாவதாக, ஆட்டம் நீள்கின்றது. முடிவு ஏறத்தாழத் தெரிந்த பின்னரும் தோற்பவர் அமர்ந்திருக்க வேண்டியுள்ளது.

நீக்கத்தின் வரலாறு

1940இல் அமெரிக்காவில் வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் என்பார் 'கலாஹ்' என்னும் வடிவத்தை அறிமுகப்படுத்தினார். பக்கத்துக்கு ஆறு குழிகளும் ஒரு சேமக்குழியும் கொண்ட இவ்வடிவம் ஒரே சுற்றில் முடிவது. தோல்வி அடுத்த சுற்றுக்குக் கடத்தப்படுவதில்லை. எளிய விதிகளாலும் குறுகிய கால அளவாலும் இவ்வடிவமே கணினிக்கு உகந்ததாயிற்று. 'மன்கலா' என்னும் பெயரில் கணினியிலும் கைப்பேசியிலும் பெரிதும் பரவியிருப்பது ஆசிய, ஆப்பிரிக்க வடிவங்களுள் ஒன்றன்று, இக்கலாஹ் வடிவமே.

இதனையொத்த மாற்றத்தைப் பரமபதமும் கண்டது. இந்தியப் பலகைகளில் ஏணிகளைவிடப் பாம்புகள் மிகுதி. வீடுபேறு அரிது, வீழ்ச்சி எளிது என்னும் கருத்தின் வடிவம் அது. இங்கிலாந்துக்குச் சென்ற வடிவங்களில் பாம்பும் ஏணியும் எண்ணிக்கையில் நிகராக்கப்பட்டன. 1943இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட வடிவத்தில் பாம்புகளே மறைந்து சறுக்குமரங்கள் தோன்றின. ஆடுவோரின் மனக்குறையைப் போக்கிய ஒவ்வொரு திருத்தமும் விளையாட்டு கூறவந்த பொருளைக் குறைத்தது.

மூடிய குழிக்கான நியாயங்கள்

முதல் நியாயம் ஆட்டத்தின் அமைப்பைச் சார்ந்தது. பல்லாங்குழியில் தாயக்கட்டை இல்லை, மறைபொருளும் இல்லை. காய்களின் தொடக்க நிலை மாறாதது. ஆகவே எந்தக் குழியை முதலில் அள்ளினால் எவ்வளவு கிட்டும் என்பதைப் பழகியவர் மனப்பாடமாக அறிவர். ஒரே சுற்றில் முடியும் ஆட்டத்தில் இம்மனப்பாடமே மேலோங்கும். இரு குழிகள் மூடப்பட்டவுடன் பதினான்கு குழிகளின் சுற்று பன்னிரண்டாகக் குறுகுகின்றது. எந்த இரண்டு என்பதைப் பொறுத்துக் காய்கள் சென்று தீரும் இடமும் மாறுகின்றது. முதற்சுற்றின் கணக்கு இரண்டாம் சுற்றில் பயன்படாது; வென்றவரும் புதிதாகவே எண்ண வேண்டும். தோற்றவரைத் தண்டிப்பதாகத் தோன்றும் விதியே இருவரின் மனப்பாடத்தையும் செல்லாததாக்குகின்றது.

இரண்டாம் நியாயம் தற்செயலுக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாடு. காயல்பட்டினத்தில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ சட்டமரபு, பகடையைச் சார்ந்த நர்து ஆட்டத்தை விலக்குகின்றது. சிந்தனையைச் சார்ந்த சதுரங்கத்தை விரும்பத்தகாததாகக் கொள்ளினும் அதே தரத்தில் விலக்குவதில்லை. இப்பகுப்பு விளையாட்டின் இழப்பை மதிப்பிடவும் உதவுகின்றது. தாயம் விழாமையால் காத்திருப்பவரின் துன்பம் அவர் செயலால் விளைந்ததன்று. மூடிய குழியோ முந்தைய சுற்றில் தாமும் எதிராளியும் செய்த தேர்வுகளின் விளைவு. வெறுப்பு இரண்டிற்கும் பொதுவாயினும் நியாயம் பொதுவன்று.

மூன்றாம் நியாயம் வரலாற்றுக்குரியது. மலாய்ச் சொங்காக்கிலும் சுற்றின் முடிவில் தோற்றவர் நிரப்ப இயலாத குழிகள் விலக்கப்படுகின்றன. அவை 'எரிந்த வீடு' எனப் பெயர்பெறும். 1836இல் வெளிவந்த நூலில் எட்வர்ட் லேன் விவரிக்கும் எகிப்திய மன்கலாவிலோ ஒருவரின் மிகை மதிப்பெண்ணாகக் கணக்கிடப்படுகின்றது. இழப்பு பலகையில் மூடிய குழியாக எஞ்சுவதில்லை. இரு வரிசைக் குழி என்னும் வடிவம் பல நாடுகளுக்குப் பொது. அது எங்கும் தனித்துத் தோன்றியிருக்கக்கூடும். இழப்பைப் பலகையிலேயே பொறிக்கும் விதி அவ்வளவு பொதுவானதன்று. தமிழகக் கரையும் மலாய்க் கரையும் அதனைப் பகிர்ந்துகொள்வது கவனத்திற்குரியது. சூலியர் என மலாய் நாட்டில் அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தெருப்பெயர்களையும் பள்ளிவாசல்களையும் விட்டுச் சென்றனர். அவர்கள் வழியே விதி பயணித்தது என நிறுவ இவ்வொற்றுமை மட்டும் போதாது. எனினும் அவ்வினாவை எழுப்புவதற்கான சான்று அவ்விதியிலேயே உள்ளது. விதி நீங்கிய பலகையிலிருந்து அவ்வினா எழ வாய்ப்பில்லை.

எதிர்வாதமும் எல்லையும்

உள்ளவருக்கே மேலும் சேரும் இவ்வமைப்பு ஏற்றத்தாழ்வை இயல்பாக்குகின்றது என்னும் எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு எலிசபெத் மாகியின் நிலக்கிழார் விளையாட்டு விடை தருகின்றது. 1904இல் காப்புரிமை பெற்ற அவ்விளையாட்டு, நில உடைமை ஒருசாராரிடம் குவிவதன் தீமையை ஆடுவோர் உணர வேண்டும் என்பதற்காகவே குவிப்பை விதியாக்கியது. அதன் வழிவந்த 'மோனோபொலி'யில் அக்கடுமையைத் தணிக்க, இலவச நிறுத்தக் கட்டத்தில் பணம் சேர்த்து வழங்கும் வீட்டுவிதியை ஆடுவோர் புகுத்தினர். தோற்பவருக்கு மூச்சுத்தந்த அவ்விரக்கம் ஆட்டத்தை மேலும் நீட்டியது. ஏற்றத்தாழ்வைக் காட்டுவதும் அதனைப் போற்றுவதும் ஒன்றல்ல. பல்லாங்குழி, இழந்த குழியை மீட்கும் எண்ணையும் தோற்றவர் கண்முன் வைக்கின்றது.

ஆயினும் வெறுக்கப்படும் கூறுகள் யாவும் காக்கத்தக்கன அல்ல. பணம் செலுத்தித் திறக்கும் பரிசுப்பெட்டிகளை 2018இல் பெல்ஜியம் சூதாட்டமாகக் கருதித் தடுத்தது. அங்கே இழப்பு ஆட்டத்திற்கு வெளியே, ஆடுபவரின் பணப்பையில் நிகழ்கின்றது. ஆட்டத்திற்குள் தொடங்கி ஆட்டத்திற்குள்ளேயே மீட்கத்தக்க இழப்பு, ஆடுபவரின் தேர்வோடு தொடர்புடைய இழப்பு ஆகியவற்றுக்கே இங்குக் கூறிய நியாயம் பொருந்தும்.

முடிவுரை

பல்லாங்குழி பெரும்பாலும் பெண்களின் விளையாட்டாக வீட்டுத் திண்ணையிலும் வளைகாப்பு வீட்டிலும் வாழ்ந்தது. அதன் விதிகள் ஆடுவோரின் நினைவில் நின்றன. எழுத்தில் குறைவாகவே இடம்பெற்றன. இன்று பள்ளிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் மரபு விளையாட்டுகளை மீட்டெடுக்கும் முயற்சிகள் நிகழ்கின்றன. அவை பலகையின் வடிவத்தை மட்டும் மீட்டு, சலிப்பூட்டும் எனக் கருதப்படும் விதிகளை விலக்குமாயின், மீட்கப்படுவது தமிழ்ப்பெயர் தாங்கிய கலாஹ் ஆகவே அமையும். காயல் முதலிய கடற்கரை ஊர்களில் மூத்த பெண்களிடம் விதிகளைத் திரட்டும் கள ஆய்வு, எப்படி வெல்வது என்பதோடு நின்றுவிடலாகாது. தோற்ற பின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கேட்டுப் பதிய வேண்டும். மறுகரைகளோடு ஒப்பிடத்தக்க விவரம் அவ்விடையிலேயே உள்ளது.