1942: தாம்பரம் தாண்டிப் போன, பதிவேட்டில் இல்லாத குழந்தைகள்

குரோம்பேட்டைக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் தினமும் நிற்பவர்களுக்கு, இதே சாலையில் மெட்ராஸ்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள் என்றால் நம்புவது கஷ்டம்தான். நடந்தது 1942 ஏப்ரலில்.

பின்னணி சுருக்கமாக. பிப்ரவரி 15 சிங்கப்பூர், மார்ச் 8 ரங்கூன், மார்ச் 23 அந்தமான் என்று வரிசையாக ஜப்பான் வசமாயின. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே பயந்தது. நகரத்தில் வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசே சொன்னது. அலுவலகங்கள் பல உள்மாவட்ட ஊர்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று மிருகக்காட்சி சாலையின் ஆபத்தான மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

மிருகங்களின் கதை பலரும் எழுதியாச்சு. என் கேள்வி, சாலை வழியாகப் போன குடும்பங்களின் கதை எங்கே இருக்கு?

மின்சார ரயில் 1931லேயே தாம்பரம் வரை வந்துவிட்டது. கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் இங்கே குடிவந்தது. ஆனாலும் நகரத்தின் கடைசி எல்லை இதுதான். ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கு சாலைதான் கதி. யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வேறு. கரி பஸ் என்றால், பின்னால் இருக்கும் உலையில் கரி பற்றி வாயு வந்த பிறகுதான் எஞ்சின் கிளம்பும். மேட்டில் மூச்சு வாங்கும், ஆட்கள் இறங்கணும். மாட்டு வண்டி நாளைக்கு 25, 30 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து திருச்சி சுமார் 300 கிலோமீட்டர். கணக்கு போட்டுப் பாருங்க: பத்து, பன்னிரண்டு நாள், சித்திரை வெயிலில், குழந்தைகளோடு.

இப்போ பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அப்படிப் போன ஒரு குடும்பத்தில் எட்டு வயசு அக்கா, ஐந்து வயசு தம்பி என்று வைத்துக்கொள்வோம். தாத்தா ஊர்ப் பள்ளியில் அக்காவைச் சேர்க்கும்போது டி.சி. கேட்பார்கள். 'முன்பு படித்த பள்ளி' என்ற இடத்தில் மெட்ராஸ் பெயர் ஏறிவிடும். தம்பிக்கு அந்த இடம் காலி. வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட்டால் வயசு ஆச்சு என்று அர்த்தம். பிறப்புச் சான்று கைவசம் இல்லாவிட்டால் ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாக ஒரு பிறந்த தேதி எழுதுவார். காகிதப்படி அவன் பிறந்ததிலிருந்தே அந்தக் கிராமத்துப் பையன்.

ஜப்பான் குண்டு மெட்ராஸில் விழுந்தது 1943 அக்டோபரில்தான். அதுவும் ஒற்றை விமானம், சிறிய சேதம். அதற்குள் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். தம்பியும் திரும்பியிருந்தால் இப்போது அவனிடம் டி.சி. இருக்கும், கிராமத்துப் பள்ளி கொடுத்தது! பதிவேட்டை மட்டும் வைத்து ஆராய்பவர், 'கிராமத்திலிருந்து பட்டணம் வந்த பையன்' என்று எழுதிவிடுவார். உண்மை நேர் எதிர்.

ஆக, பள்ளியில் சேரும் முன் ஊர் மாறிய குழந்தைக்கு டி.சி. சாட்சி சொல்லாது, அதன் நினைவுதான் சாட்சி. அன்றைக்கு ஐந்து வயசு என்றால் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். எந்த வண்டி? ராத்திரி எங்கே தங்கினீர்கள்? யார் சமைத்தது? எதை விட்டுட்டுப் போனீர்கள்? அப்புறம், சர்டிபிகேட்டில் இருக்கும் பிறந்த தேதி நிஜமா? பதிலை போனில் பதிவு செய்து, தேதி போட்டு வையுங்கள்.