கியர்பாக்ஸுக்குள் ஒரு திமிங்கலம்

போன மாதம் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கப் போன நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். கூட வந்த மெக்கானிக் இன்ஜின் ஆயிலைப் பார்த்து முடித்ததும், "சார், வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, இப்ப கியர் ஆயில் பாக்கணும்" என்றார். இன்ஜின் ஆயிலை வண்டியை அணைச்சுட்டுத்தானே பார்ப்போம்? இதுக்கு மட்டும் ஏன் ஓடவிடணும்? இந்தக் கேள்வியோட தேட ஆரம்பிச்சவன், கடைசியில திமிங்கல வேட்டையில போய் நின்னேன்.

முதல்ல கேள்விக்குப் பதில். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் வெறும் மசகு இல்லை. இன்ஜினின் சுழற்சியைக் கடத்துவதும், உள்ளே இருக்கும் கிளட்ச்களை அழுத்திக் கியர் மாற்றுவதும் அதுதான். இன்ஜின் ஓடினால்தான் பம்ப் ஓடும், ஆயில் எல்லா இடத்திலும் நிரம்பும். அணைத்தால் ஒரு பகுதி கீழே இறங்கிவிடும், அளவு அதிகமாகக் காட்டும். சூட்டில் ஆயில் விரியவும் செய்யும். அதனால்தான் பெரும்பாலான கார்களில் சமதளத்தில் நிறுத்தி, வண்டி நன்றாகச் சூடான பிறகு, 'பார்க்'கில் போட்டு, இன்ஜின் ஓடும்போதே குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்கிறார்கள். (பழைய ஹோண்டாக்களில் மட்டும் சூடாக்கி அணைத்தவுடன் பார்க்கணும். கார் கையேடுதான் கடைசி வார்த்தை.)

இனி வரலாறு. ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் 'ஹைட்ரா-மேட்டிக்' கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளுக்குள்ளும் போனது. எந்த எண்ணெய் நிறுவனமும் தயாரிக்கும்படி 'டைப் ஏ' என்ற தரத்தை ஜி.எம். 1949இல் வகுத்தது.

அந்த ஆயிலுக்கு ஒரு சிக்கலான வேலை இருந்தது. கியர் மாறும்போது கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்கணும். ரொம்ப வழுக்கினால் தட்டு கருகும். சட்டென்று பிடித்தால் வண்டி குலுங்கும். கொஞ்சம் வழுக்கி, அப்புறம் கெட்டியாகப் பிடிக்கணும். வெறும் கனிம எண்ணெயால் இது முடியவில்லை. அதில் சேர்த்த பொருட்களில் முக்கியமானது எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய். அம்பர்கிரீஸ் கடத்தல்னு நம்மூர் செய்திகளில் அடிக்கடி வருமே, அதே திமிங்கலம்தான்.

வேதியியல்படி அது சமையல் எண்ணெய் மாதிரி கொழுப்பு இல்லை, திரவ மெழுகு. உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு பழைய நம்பிக்கை உடைஞ்சது. 'விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வந்ததும் திமிங்கலம் பிழைத்தது' என்று படிச்சிருப்போம். உண்மை அதுக்கு நேர் எதிர். பாய்மரக் கப்பல் காலமான 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கொல்லப்பட்ட எண்ணெய்த் திமிங்கலங்கள் சுமார் 3 லட்சம். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேல்! 1960களில் ஆண்டுக்கு 20,000க்கு மேல் கொன்றார்கள். எல்லாம் காருக்காக இல்லைதான். தோல் பதனிடவும் மற்ற இயந்திரங்களுக்கும்கூடப் போனது. ஆனால் விளக்கு அணைந்த பிறகும் எண்ணெய்க்கு வேலை போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

1970இல் அமெரிக்கா எண்ணெய்த் திமிங்கலத்தை அழியும் உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதிக்குக் கதவு அடைபட்டது. மாற்று தேடி வந்த ஜி.எம்.மின் 'டெக்ஸ்ரான்-2' வரிசையின் முதல் வடிவம் சொதப்பியது. அதில் இருந்த துருத்தடுப்புப் பொருள், கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் பற்றவைப்பை அரித்தது. கூலர் இருப்பது ரேடியேட்டருக்குள். ஓட்டை விழுந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். குச்சியில் சிவப்பு ஆயில் ரோஸ்மில்க் மாதிரி தெரிந்தால் இன்றைக்கும் அர்த்தம் அதுவே. திருத்திய வடிவம் 1975இல் வந்தது. பாலைவனத்தில் வளரும் ஹோஹோபா விதையின் எண்ணெயும் இதே மாதிரி திரவ மெழுகு என்பதால் அதன் மேலும் அப்போது பெரிய ஆர்வம் கிளம்பியது. கடைசியில் செயற்கைச் சேர்மங்களே நின்றன.

இவ்வளவுக்கும் கிளட்ச் உராய்வைக் குறைக்க எதையும் சேர்க்காத 'டைப் எஃப்' ஆயிலை ஃபோர்ட் 1960களிலேயே வைத்திருந்தது. கியர் கொஞ்சம் அழுத்தமாக விழும், அவ்வளவே. அதாவது நாம் திமிங்கலத்தைக் கொடுத்து வாங்கியது குலுங்காத ஒரு கியர் மாற்றத்தை.

மாற்றுப்பொருள் தானா வந்து திமிங்கலத்தைக் காப்பாத்தலை. சட்டம் கதவை அடைச்ச பிறகுதான் மாற்றை முழுமூச்சா தேடினாங்க. முதல் முயற்சி தோற்றது, அடுத்தது தேறியது. இன்றைக்குப் புதிய கார்கள் பலவற்றில் அந்தக் குச்சியே கிடையாது.

அன்று மெக்கானிக் குச்சியைத் துணியில் துடைத்து, மோந்து பார்த்து, "கருகல் வாடை இல்ல, நல்ல சிவப்பு. எடுக்கலாம் சார்" என்றார். நண்பர் வாங்கிவிட்டார்.