ஒடேசா திரைப்பட இயக்கம்

ஒடேசா, கேரளத்தில் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு 1984-ல் தொடங்கப்பட்ட திரைப்பட இயக்கம். இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய நண்பர்களும் இதை உருவாக்கினர். தயாரிப்பாளர், வினியோகஸ்தர், திரையரங்கு என்ற மூன்று படிகளையும் விலக்கி, மக்களிடமிருந்து நேரடியாகப் பணம் திரட்டிப் படம் எடுப்பதும், எடுத்த படத்தை மக்களிடமே கொண்டுசென்று காட்டுவதும் இதன் நோக்கம். இந்த முறையில் ஒடேசா எடுத்த முழுநீளக் கதைப்படம் 'அம்மா அறியான்' (1986). அடுத்த ஆண்டு ஜான் ஆபிரகாம் இறந்தார்.

இயக்கத்தின் பெயர் கருங்கடல் துறைமுக நகரமான ஒடேசாவின் பெயர். ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படத்தில் வரும் படிக்கட்டுக் காட்சியின் வழியாக, உலகெங்கும் திரைப்படச் சங்கங்களில் படம் பார்த்தவர்கள் நன்கறிந்த ஊர் அது.

பின்னணி

கேரளத்தில் திரைப்படச் சங்க இயக்கம் 1965-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட சித்ரலேகா திரைப்படச் சங்கத்தால் வேகம் பெற்றது. அடூர் கோபாலகிருஷ்ணன், குளத்தூர் பாஸ்கரன் நாயர் ஆகியோர் அதன் முன்னோடிகள். அவர்கள் சங்கத்தோடு நிற்காமல் ஒரு கூட்டுறவு அமைப்பையும் உருவாக்கி, மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகத்திடம் கடன் பெற்று 'சுயம்வரம்' (1972) படத்தை எடுத்தனர். வணிகத் தயாரிப்பாளரைச் சாராமல் படம் எடுக்க அன்றிருந்த வழி அரசுக் கடன்தான். அதன் சிக்கல் படம் முடிந்த பிறகு தொடங்கும். கடன் கிடைக்கும், விருதும் கிடைக்கும், திரையரங்கு கிடைக்காது. கடனைத் திருப்பவேண்டியது டிக்கெட் வசூலிலிருந்து.

வடக்கே கோழிக்கோட்டில் நிலைமை சற்று வேறு. செலவூர் வேணு நடத்திய அஸ்வினி திரைப்படச் சங்கம் உலகப் படங்களைத் தொடர்ந்து காட்டிவந்தது. அந்தப் படங்களைப் பார்த்த இளைஞர்களில் பலர் தீவிர இடதுசாரி அரசியலிலோ அதன் ஓரத்திலோ இருந்தனர். நெருக்கடிநிலைக் காலத்தில் பொறியியல் மாணவர் ராஜன் 1976-ல் கக்கயம் போலீஸ் முகாமில் கொல்லப்பட்ட நிகழ்ச்சி அந்தத் தலைமுறையின் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. நக்சலைட் இயக்கத்தை ஒட்டித் தோன்றிய ஜனகீய சாம்ஸ்காரிக வேதி 1980-களின் தொடக்கத்தில் தெருநாடகங்கள், கவியரங்குகள் வழியாக ஊர் ஊராகச் சென்றது. அது சில ஆண்டுகளிலேயே கலைந்தது. ஆனால் ஒரு கவலையைச் சொல்லத் தெருவில் இறங்கிக் கூட்டம் சேர்க்கும் பழக்கம் அங்கே மிச்சமிருந்தது. ஒடேசா அந்தப் பழக்கத்தைத்தான் சினிமாவுக்கு எடுத்துக்கொண்டது.

ஜான் ஆபிரகாம்

ஜான் ஆபிரகாம் (ஆகஸ்ட் 11, 1937 – மே 31, 1987) குட்டநாட்டுப் பின்னணி கொண்டவர். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பார்த்த வேலையை விட்டுப் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ரித்விக் கட்டக்கின் மாணவர். மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி' படத்தில் உதவியாளராக இருந்தார். (இதே பெயர் கொண்ட இந்தி நடிகருக்கும் இவருக்கும் தொடர்பில்லை.) அவர் இயக்கியவை நான்கே முழுநீளப் படங்கள். முதல் படம் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே' (1972).

இரண்டாவது படமான 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) தமிழ்ப்படம். விமர்சகர் வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதினார். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியர் வேடத்தில் நடித்தார். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கும் பேராசிரியர் அதைத் தன் சொந்த ஊரின் அக்ரஹாரத்தில் கொண்டுவிடுகிறார். ஊரில் நடக்கும் கெடுதல்கள் எல்லாவற்றுக்கும் கழுதையே காரணம் என்று முடிவுகட்டி அதைக் கொல்கிறார்கள். கொன்ற பிறகு அதற்கே தெய்வத்தன்மை ஏற்றுகிறார்கள். படம் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆனால் தமிழ்நாட்டில் பொதுமக்கள் திரையரங்கில் அதைப் பார்க்க வாய்ப்பே அமையவில்லை என்று சொல்லிவிடலாம். 1989-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. அப்போது ஜான் உயிரோடு இல்லை.

மூன்றாவது படம் 'செறியாச்சன்டெ குரூரக்ருத்யங்கள்' (1979). விவசாயிகள் மீது போலீஸ் நடத்தும் வன்முறையைக் கண்டு, எதையும் செய்யாமல் இருந்துவிட்ட குற்றவுணர்வில் மனம் பிறழும் குட்டநாட்டு நிலவுடைமையாளனின் கதை. அடூர் பாசி நடித்தார். மூன்று படங்களுக்குப் பிறகும் ஜான் எடுக்கும் படத்துக்கு என்று ஒரு சந்தை உருவாகவில்லை. ஒடேசாவின் தொடக்கத்தை ஒரு கனவாக மட்டும் வர்ணிப்பவர்கள் இந்த நடைமுறை உண்மையைத் தவறவிடுகிறார்கள். வேறு கதவுகள் எல்லாம் மூடியிருந்தன.

பணம் திரட்டிய முறை

ஒடேசாவினர் ஊர் ஊராகச் சென்றனர். செண்டை கொட்டிக் கூட்டம் சேர்த்தனர். தெருமுனையில் சிறு நாடகம் போட்டனர், பாட்டுப் பாடினர். திரை கட்டி சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டினர். ஆனந்த் பட்வர்தனின் மும்பை நடைபாதைவாசிகள் பற்றிய ஆவணப்படத்தையும் காட்டினர். டிக்கெட் கிடையாது. நாங்கள் ஒரு படம் எடுக்கப்போகிறோம், முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்டனர். பெரும்பாலும் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாக வந்தது.

மக்கள் பணத்தில் படம் என்றதும் ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976) நினைவுக்கு வரும். குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் 5 லட்சம் பேர் தலா 2 ரூபாய் கொடுத்து உருவான படம் அது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரியது. குஜராத்தில் பணம் திரட்ட ஏற்கனவே ஓர் அமைப்பு இருந்தது. கிராமம்தோறும் சங்கம், சங்கம்தோறும் கணக்கு, பால் ஊற்றிய தொகையில் பிடித்தம். படம் வெளியானபோது அதே விவசாயிகள் லாரிகளில் வந்து பார்த்தார்கள். அவர்களின் சொந்தக் கதை அது. ஒடேசாவிடம் சங்கமும் இல்லை, கணக்குப் புத்தகத்தை நடத்தும் அலுவலகமும் இல்லை. பணம் கொடுத்தவருக்கு அந்தப் படத்தின் கதை என்ன என்றுகூடத் தெரியாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நிதி திரட்டும் திரையிடலே ஒருவகையில் வினியோகத்துக்கான ஒத்திகை. எந்த ஊரில் திரை கட்ட இடம் இருக்கிறது, யார் மின்சாரம் தருவார், எத்தனை பேர் கூடுவார் என்பதெல்லாம் படம் எடுக்கும் முன்பே ஒடேசாவினருக்குத் தெரிந்துவிட்டது. படம் முடிந்ததும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போகலாம். காசு கொடுத்தவர் தயாரிப்பாளராகவும் பார்வையாளராகவும் ஒரே சமயத்தில் இருப்பார். லாபம் பார்க்கத் தேவையில்லாததால் திரையரங்கும் தேவையில்லை. ஒடேசாவின் அசலான கண்டுபிடிப்பு இந்தச் சுழற்சிதான்.

அம்மா அறியான்

தமிழ் வாசகருக்கு இந்தத் தலைப்பு குழப்பம் தரும். தமிழில் 'அறியான்' என்றால் அறியாதவன். மலையாளத்தில் நேர் எதிர்ப்பொருள். 'அம்மா அறிவதற்காக' என்பது பொருள், கடிதத்தின் தலைப்பில் எழுதப்படும் விளிப்பு. படமே தாய்க்கு எழுதப்படும் நீண்ட கடிதத்தின் வடிவில் உள்ளது.

புருஷன் என்ற இளைஞன் டெல்லி செல்வதற்காக வயநாட்டில் தாயிடம் விடைபெறுகிறான். அடிக்கடி கடிதம் எழுதுவதாக வாக்களிக்கிறான். வழியில் அவன் செல்லும் ஜீப்பைப் போலீஸ் நிறுத்துகிறது. தூக்கில் தொங்கி இறந்தவனின் உடலை ஏற்றிச்செல்ல வண்டி வேண்டும். அந்த முகம் எங்கோ பார்த்த முகமாக இருக்கிறது. பயணத்தைக் கைவிட்டு நண்பர்களிடம் விசாரிக்கிறான். இறந்தவன் ஹரி, தாளவாத்தியக் கலைஞன், நக்சலைட் இயக்கத்தில் இருந்தவன் என்று தெரிகிறது. ஹரியின் தாய் கொச்சியில் இருக்கிறாள். அவளிடம் செய்தியைச் சொல்ல நண்பர்கள் புறப்படுகிறார்கள். வழியில் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவர் சேர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் தாயிடம் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார்கள். கொச்சியை அடையும்போது அது ஒரு பெருங்கூட்டம்.

பயணத்தின் ஊடே கேரளத்தின் அண்மைக்கால வரலாறு வருகிறது. மருத்துவ மாணவர் போராட்டம், 1982-ன் வைப்பின் விஷச்சாராயச் சாவுகள், 1953-ல் மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூடு ஆகியவை ஆவணப்படத் தன்மையோடு கதைக்குள் நுழைகின்றன. கதை அங்கங்கே நின்றுவிடுகிறது, சில பகுதிகள் உரையாற்றலாக ஒலிக்கின்றன. இது படத்தின் குறை என்பவர்கள் உண்டு. ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்த இயக்கம் எடுத்த படத்தில் கதாபாத்திரங்களும் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்ப்பது தற்செயல் அல்ல.

புருஷனாக நடித்தவர் ஜாய் மாத்யூ. நடிகர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் அல்ல. கறுப்பு வெள்ளையில் வேணு ஒளிப்பதிவு செய்தார். பீனா பால் படத்தொகுப்பு. வேணு அந்த ஆண்டுக்கான தேசிய ஒளிப்பதிவு விருதை இப்படத்துக்கும் பத்மராஜனின் 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்' படத்துக்குமாகப் பெற்றார். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் பின்னாளில் வெளியிட்ட சிறந்த பத்து இந்தியப் படங்களின் பட்டியலில் 'அம்மா அறியான்' இடம்பெற்றது.

1987-க்குப் பின்

படம் திட்டமிட்டபடி கேரளத்தின் ஊர்களில் டிக்கெட் இல்லாமல் காட்டப்பட்டது. ஆனால் சுழற்சி இரண்டாம் முறை சுற்றவில்லை. 1987 மே மாத இறுதியில் ஜான் கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மேலிருந்து விழுந்து இறந்தார். வயது 49.

ஜான் இறந்ததால் ஒடேசா நின்றது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை. ஊர் ஊராகப் படப்பெட்டியும் கருவியும் திரையும் சுமந்து செல்ல ஆள் வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. இருபது வயதில் அதைச் செய்தவர்கள் முப்பதில் குடும்பத்தோடு செய்ய முடியாது. படம் எடுக்கும் செலவை மக்களிடம் கேட்டுப் பெற்ற இயக்கம், அதைச் சுமந்து செல்பவரின் வயிற்றுக்கு வழி காணவில்லை. ஜான் இருந்திருந்தாலும் இந்தக் கேள்வி அடுத்த படத்தில் வந்திருக்கும்.

இயக்கத்தில் இருந்தவர்கள் பல திசைகளில் சென்றனர். வேணு முன்னணி ஒளிப்பதிவாளரானார், 'தயா' (1998), 'முன்னறியிப்பு' (2014) ஆகிய படங்களை இயக்கினார். பீனா பால் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் கலை இயக்குநராக நீண்டகாலம் பணியாற்றினார். ஜாய் மாத்யூ பல ஆண்டுகளுக்குப் பின் 'ஷட்டர்' (2012) படத்தை எழுதி இயக்கினார். இயக்கத்தின் பெயரைக் கடைசிவரை தன் பெயரோடு சுமந்தவர் ஒடேசா சத்யன். கவிஞர் ஏ. அய்யப்பன் குறித்த படம் உட்பட, அதே வழியில் மக்களிடம் பணம் பெற்று ஆவணப்படங்கள் எடுத்தார். 2014 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் காலமானார்.

இணையம் வந்தபின் கூட்டுநிதிப் படங்கள் பெருகின. பவன்குமாரின் கன்னடப் படமான 'லூசியா' (2013) அவற்றில் புகழ்பெற்றது. அதில் பணம் போட்டவர்கள் முதலீட்டாளர்கள், படம் வழக்கம்போலத் திரையரங்கில் வெளியானது. ஒடேசாவுக்கு நெருக்கமான முயற்சி கேரளத்திலேயே நடந்தது. சனல்குமார் சசிதரன் காழ்ச்ச திரைப்பட அமைப்பின் வழியாகக் கூட்டுநிதியில் 'ஒராள்ப்பொக்கம்' (2014) எடுத்தார். திரையரங்குகளுக்கு வெளியே அதைக் காட்டுவதற்காக அந்த அமைப்பினர் 'சினிமா வண்டி' என்ற பெயரில் ஒரு வாகனத்தை ஏற்பாடு செய்து, ஊர்களில் நிறுத்தித் திரை கட்டிப் படம் காட்டினர்.