முடிவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே: ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படைகள் திரும்பிய வரலாறு, 1985–1989

1989 ஆகஸ்டில் பிராவ்தா நாளிதழ், ஆப்கானிஸ்தான் போரில் மாண்ட சோவியத் படைவீரர்களின் எண்ணிக்கையை முதன்முறையாக ஆண்டுவாரியாக வெளியிட்டது. 1980இல் 1,484 பேர். 1984இல் 2,343 பேர். சோவியத் தரப்புக்கு மிகக் கொடிய ஆண்டு அதுதான். 1985இல் 1,868 பேர். பிறகு 1986இல் 1,333, 1987இல் 1,215, 1988இல் 759, 1989இன் முதல் ஒன்றரை மாதத்தில் 53. ஆக மொத்தம் 13,833. இந்த அட்டவணையின் கடைசி நான்கு வரிகளை மட்டும் கூட்டினால் 3,360 வருகிறது. இக்கட்டுரை அந்த 3,360 பேரிலிருந்து தொடங்குகிறது. அவர்கள் மாண்டது, போரை நடத்திய தலைமை அந்தப் போரை விட்டு வெளியேறியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்த பிறகு.

சோவியத் வெளியேற்றத்துக்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: ஆப்கன் கிளர்ச்சியாளர்களான முஜாகிதீன்களுக்கு அமெரிக்கா கொடுத்த ஸ்டிங்கர் ஏவுகணைகள், சோவியத் பொருளாதாரத்தின் தளர்ச்சி, கொர்பச்சேவின் புதிய வெளியுறவுக் கொள்கை. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வெளியேறும் முடிவு எப்போது முளைத்தது, அது நிறைவேற ஏன் மூன்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்ற கேள்விகளைத் தனித்தனியே கேட்டால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. முடிவுக்குக் காரணம் தோல்வியைக் குறித்த தெளிவு. தாமதத்துக்குக் காரணம் மானம் போய்விடுமோ என்ற அச்சம்.

படையனுப்பிய முடிவே ஒரு சிறு வட்டத்துக்குள் எடுக்கப்பட்டது. 1979 மார்ச்சில் ஹெராத் நகரில் கிளர்ச்சி வெடித்தபோது, ஆப்கன் அதிபர் தராக்கி சோவியத் படைகளைக் கேட்டு மன்றாடினார். பிரதமர் கொசிகின் மறுத்தார்; சோவியத் படை உள்ளே நுழைந்தால் உங்கள் மக்களில் ஒரு பகுதியோடு அது போரிட வேண்டிவரும் என்ற பொருளில் அவர் எச்சரித்ததும் பதிவாகியிருக்கிறது. ஒன்பதே மாதத்தில் அந்த எச்சரிக்கை காற்றில் போனது. தராக்கியைக் கொன்று ஹபீசுல்லா அமீன் ஆட்சியைப் பிடித்திருந்தார். அவர் அமெரிக்கா பக்கம் சாய்ந்துவிடுவார் என்று மாஸ்கோ சந்தேகித்தது. டிசம்பர் 12 அன்று பொதுச்செயலாளர் பிரெஷ்னேவ், கே.ஜி.பி. தலைவர் ஆந்த்ரோபோவ், பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவ், வெளியுறவு அமைச்சர் கிரோமிகோ ஆகிய நால்வரின் எண்ணம் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் முடிவாகியது. பொலிட்பீரோ உறுப்பினர் செர்னென்கோ கைப்பட எழுதிய அந்த ஒற்றைத் தாளில் ஆப்கானிஸ்தான் என்ற பெயர் கூட இல்லை. 'ஆ' நாட்டின் நிலைமை குறித்து என்று மட்டுமே இருந்தது. கொசிகின் அந்தக் கூட்டத்தில் இல்லை. டிசம்பர் 27 அன்று தாஜ்பெக் அரண்மனையில் அமீன் கொல்லப்பட்டார். பாப்ரக் கார்மல் பதவியில் அமர்த்தப்பட்டார். அடுத்த ஜனவரியில் ஐ.நா. பொதுச்சபை, அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று 104 வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்த்தவை 18, நடுநிலை வகித்தவை 18. இந்தியா நடுநிலை வகித்தது.

எதிர்ப்பு ஊர்வலம் நடத்த முடியாத நாட்டில் ஒரு போர் எப்படி மக்களின் வெறுப்புக்கு உள்ளாகிறது? அமெரிக்காவில் வியட்நாம் போர் தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குள் வந்தது. சோவியத் தொலைக்காட்சியிலோ வீரர்கள் மரம் நட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், கிராமத்தாருக்கு மருந்து கொடுத்தார்கள். போரை வெளிப்படையாகக் கண்டித்த இயற்பியலாளர் ஆந்திரேய் சகாரோவ் 1980 ஜனவரியில் கார்க்கி நகருக்கு நாடு கடத்தப்பட்டவர் போல அனுப்பப்பட்டு, காவலில் வைக்கப்பட்டார். உண்மை வந்து சேர்ந்த வழி ஒன்றே ஒன்றுதான்: பற்றவைத்து மூடிய துத்தநாகப் பெட்டி. அதைச் சுமந்துவந்த ஆன்தனோவ்-12 விமானத்தைப் படையினர் கறுப்பு டியூலிப் என்றழைத்தார்கள். உள்ளிருந்த உடல், ஆவணங்களில் 'சரக்கு 200'. பெட்டியைத் திறந்து பார்க்கப் பெற்றோருக்குப் பொதுவாக அனுமதி கிடைக்கவில்லை. உள்ளே கிடப்பது தன் மகன்தானா என்பதே தெரியாமல் மண்ணைத் தள்ளிய தாய்மார்கள் பலர்.

கல்லறைக் கல் கூட அரசு விவகாரமானது. 1981 ஜூலை 30 அன்று நடந்த பொலிட்பீரோ கூட்டத்தின் குறிப்புகள் பின்னாளில் வெளிவந்தன. மாண்ட வீரரின் குடும்பத்துக்கு நடுகல் வைக்க ஆளுக்கு 1,000 ரூபிள் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருந்தது. கட்சியின் சித்தாந்தப் பொறுப்பாளர் சுஸ்லோவ் அதைத் தயக்கத்தோடு எடுத்துவைத்தார். பணம் பிரச்சினையல்ல, கல்லில் ஆப்கானிஸ்தான் என்று பொறித்தால், ஒரே இடுகாட்டில் அப்படிப்பட்ட கற்கள் பல சேர்ந்துவிடும், அரசியல் ரீதியில் அது சரியல்ல என்பது அவர் வாதம். மரியாதையோடு புதைக்கத்தான் வேண்டும், ஆனால் நினைவுச்சின்னம் எழுப்பும் காலம் இன்னும் வரவில்லை என்ற ரீதியில் ஆந்த்ரோபோவ் ஒத்துப்போனார். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் இறந்துபோன பிள்ளைகளை எண்ணவில்லை; கற்களை எண்ணினார்கள். இந்தப் போரைப் பற்றிய ஆவணங்களில் இதைவிட நெஞ்சைச் சுடும் பக்கம் வேறில்லை என்பது என் எண்ணம். போர் மக்களுக்குப் பிடிக்காமல் போகும் என்பதைத் தலைமை முதலாண்டுகளிலேயே அறிந்திருந்தது என்பதற்கும் இதுவே சான்று.

மூடிவைத்த துயரம் கடிதங்களாகக் கசிந்தது. 1985 மார்ச்சில் கொர்பச்சேவ் பொதுச்செயலாளரான சில வாரங்களில், மத்தியக் குழுவுக்கும் பிராவ்தாவுக்கும் வந்து குவிந்த கடிதங்களை அனத்தோலி செர்னியாயேவ் தம் நாட்குறிப்பில் விவரித்திருக்கிறார். பின்னாளில் கொர்பச்சேவின் ஆலோசகரானவர் அவர். கடிதங்களில் பெரும்பாலானவை பெயரும் கையொப்பமும் இட்டு வந்தவை. அன்றைய சோவியத் நாட்டில் அப்படி எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். படைவீரர்களும் அதிகாரிகளும் கூட எழுதியிருந்தார்கள். நாம் எதற்காக அங்கே இருக்கிறோம், இது எப்போது முடியும் என்பதே எல்லாரும் கேட்டது.

1985 அக்டோபர் 17 அன்று கொர்பச்சேவ் அந்தக் கடிதங்களில் சிலவற்றைப் பொலிட்பீரோவில் வாய்விட்டுப் படித்தார். சில நாட்களுக்கு முன் கார்மலை ரகசியமாக வரவழைத்துப் பேசியதையும் சொன்னார்: அடுத்த ஆண்டு கோடைக்குள் உங்கள் புரட்சியை நீங்களே காத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும். எதிர்ப்பு எழவில்லை. படையனுப்பிய நால்வரில் அப்போது உயிரோடிருந்தவர் கிரோமிகோ ஒருவரே. அவரும் அந்த அறையில் இருந்தார். வெளியேற்றத்தின் வரலாறு இந்த நாளில்தான் தொடங்குகிறது என்று கொள்வதற்குப் போதிய ஆதாரம் உண்டு. ஸ்டிங்கர் ஏவுகணை முதன்முதலில் ஜலாலாபாத் அருகே சுடப்பட்டது 1986 செப்டம்பரில். இந்தக் கூட்டம் முடிந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்து. அந்த ஆயுதம் விமானிகளை உயரப் பறக்க வைத்தது, போரின் செலவைக் கூட்டியது, மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவை அது பெற்றெடுக்கவில்லை.

1986 பிப்ரவரியில் கட்சியின் 27ஆவது மாநாட்டில் இந்தப் போரை இரத்தம் கசியும் புண் என்று கொர்பச்சேவ் வெளிப்படையாகவே சொன்னார். மே மாதம் கார்மல் அகற்றப்பட்டு நஜிபுல்லா வந்தார். ஜூலையில் விளாதிவஸ்தோக்கில் ஆறு படைப்பிரிவுகள் திரும்பும் என்று அறிவிப்பு வந்தது. நவம்பர் 13 அன்று நடந்த பொலிட்பீரோ கூட்டத்தில் சோவியத் படைத் தலைமையகத்தின் தலைவர் அக்ரமேயேவ் சொன்ன கணக்கு எல்லாவற்றையும் வெட்டவெளிச்சமாக்கியது: சோவியத் வீரனின் கால் படாத இடம் அந்த நாட்டில் அநேகமாக இல்லை, ஆனாலும் பெரும்பகுதி நிலம் கிளர்ச்சியாளர் கையில் இருக்கிறது, காபூலும் மாகாணத் தலைநகரங்களும் மட்டுமே நம்மிடம். ஓரிரு ஆண்டுகளுக்குள் வெளியேறுவது என்று அன்று முடிவாயிற்று.

அப்படியானால் ஏன் உடனே கிளம்பவில்லை? 1987 பிப்ரவரியில் கொர்பச்சேவ் தம் சகாக்களிடம் பேசியவற்றில் விடை இருக்கிறது. எதையும் பாராமல் சட்டென்று கிளம்பிவிடலாம், பழியை முந்தைய தலைமை மீது போட்டுவிடலாம். ஆனால் இந்தியா கவலைப்படும், ஆப்பிரிக்கா கவலைப்படும், சோவியத் ஒன்றியத்தின் மதிப்பு சரியும், இத்தனை பேரைப் பலிகொடுத்தும் ஏன் முடிக்கவில்லை என்று சொந்த மக்கள் கேட்பார்கள் என்றார். நட்பு நாடுகளின் முகம், உலகின் பார்வை, செத்தவர்களின் கணக்கு ஆகியவை தாமதத்துக்குக் காரணங்களாயின. செத்தவர்களுக்காக இன்னும் சிலரைச் சாகவிடுவது என்ற இந்தத் தர்க்கத்தை எந்தத் தாயிடம் போய்ச் சொல்ல முடியும்? கடிதங்களை வாய்விட்டு வாசித்த அதே தலைமை, அவற்றை எழுதியவர்களின் பிள்ளைகளை மேலும் இரண்டு வசந்தங்களுக்கு அங்கேயே நிறுத்தி வைத்தது. கொர்பச்சேவின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. போரை முடித்தவர் என்ற பெருமை அவருக்கு உரியது. ஆனால் 3,360 பேரின் கணக்கும் அவருடைய காலத்துக்கே உரியது.

ஜெனீவாவில் ஐ.நா. தூதர் தியேகோ கோர்தோவேஸ் 1982 முதலே பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். ஆப்கன் அரசின் பிரதிநிதிகளோடு ஒரே அறையில் உட்காரப் பாகிஸ்தான் மறுத்ததால் அவர் இரு அறைகளுக்கும் மாறி மாறி நடந்தார். 1988 பிப்ரவரி 8 அன்று கொர்பச்சேவ் தேதியை அறிவித்த பிறகே அந்தப் பேச்சுக்கு உயிர் வந்தது. ஏப்ரல் 14 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளியுறவு அமைச்சர்களான ஷுல்ட்ஸ் அமெரிக்காவின் சார்பிலும் ஷெவர்த்நாத்சே சோவியத்தின் சார்பிலும் உத்தரவாதக் கையொப்பம் இட்டார்கள். மே 15இல் தொடங்கி ஒன்பது மாதங்களில் முழுமையாக வெளியேறுவது, முதல் மூன்று மாதத்தில் பாதிப் படை திரும்புவது என்பது ஏற்பாடு. களத்தில் போரிட்ட முஜாகிதீன் குழுக்களுக்கு அந்த மேசையில் இடமே இல்லை. இரு வல்லரசுகளும் தத்தம் தரப்புக்கு ஆயுதம் அனுப்பிக்கொண்டே இருந்தன. சோவியத் வீரர்கள் வீடு திரும்புவதற்கு இந்த ஒப்பந்தம் வழி செய்தது. ஆப்கானியருக்கு அமைதி தேட அதில் ஒரு வரியும் உருப்படியாக இல்லை.

திரும்பும் வழியில் நடந்த ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காபூலிலிருந்து வடக்கே எல்லைக்குச் செல்லும் சாலை இந்துகுஷ் மலையில் சாலாங் கணவாயைக் கடக்கிறது. 1964இல் சோவியத் பொறியாளர்கள் குடைந்து முடித்த சுரங்கப்பாதை அங்கே 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனிச்சரிவு, ஒற்றைச் சாலை, இருபுறமும் செங்குத்து மலை. அந்த மலைகளில் முஜாகிதீன் தளபதி அகமது ஷா மசூதின் ஆட்கள். திரும்பிப்போகிறவர்களைச் சுடுவதில்லை என்ற எழுதாத இணக்கம் களத்தில் பெரும்பாலும் காக்கப்பட்டது. ஆனால் தன் பிரதான எதிரியை முடிக்காமல் சோவியத் படை போகக்கூடாது என்று நஜிபுல்லா வற்புறுத்தினார். காபூலுக்கு வந்துபோன ஷெவர்த்நாத்சேயும் அவர் பக்கம் நின்றார். களத்திலிருந்த அதிகாரிகள் பலருக்கு இதில் விருப்பமில்லை. வெளியேற மூன்றே வாரம் இருக்கையில், 1989 ஜனவரி 23 அன்று 'சூறாவளி' என்ற பெயரில் தாக்குதல் தொடங்கியது. சாலையோரக் கிராமங்கள் மீது பீரங்கிகளும் விமானங்களும் குண்டு பொழிந்தன. மசூத் தப்பிவிட்டார். பனிக்காலத்தில் வீட்டுக்குள் முடங்கியிருந்த கிராமத்தார் மாண்டார்கள். போரின் போக்கை இது அணுவளவும் மாற்றவில்லை. கைவிட்டுப் போகும் கூட்டாளிக்கு ஆறுதலாக ஒரு மலைப்பள்ளத்தாக்கின் மக்கள் பலியிடப்பட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

1989 பிப்ரவரி 15 காலையில், ஆப்கானிஸ்தானில் போரிட்ட 40ஆவது படையின் தளபதி போரிஸ் குரோமோவ், தெர்மெஸ் அருகே ஆமு தரியா ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்தார். மறுகரையில் பூங்கொத்தோடு அவருடைய மகன் நின்றான். ஒளிப்படக் கருவிகள் நின்றன. எனக்குப் பின்னால் ஒரு சோவியத் வீரனும் இல்லை என்ற அவர் அறிவிப்பு உலகெங்கும் போனது. உண்மையில் எல்லைக் காவல் பிரிவுகள் அவருக்குப் பின்னரே கடந்தன. பிடிபட்டும் காணாமலும் போன நூற்றுக்கணக்கானவர்கள் அந்நாட்டிலேயே இருந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் வீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் செயற்கைக் காலுக்கும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியபோது, உங்களை நான் அங்கே அனுப்பவில்லையே என்று அதிகாரிகள் சொன்ன பதில் அவர்கள் தலைமுறையின் தீராத வடுவாயிற்று. அனுப்பியவர் யார் என்று கேட்டால் கைகாட்ட ஆளில்லை.

நஜிபுல்லா அரசு சில வாரங்களில் விழும் என்று எல்லாரும் கணித்தார்கள். அது 1989 மார்ச்சில் ஜலாலாபாத் முற்றுகையைத் தாக்குப்பிடித்து, சோவியத் ஒன்றியமே மறைந்த பிறகும் 1992 ஏப்ரல் வரை நின்றது. மாஸ்கோவின் எரிபொருளும் தானியமும் பணமும் நின்ற பிறகே அது சரிந்தது. படையை அங்கே நிறுத்தாவிட்டால் காபூல் மறுநாளே விழுந்துவிடும் என்று 1986இலும் 1987இலும் சொல்லப்பட்ட அச்சத்துக்கு இந்த மூன்றாண்டுகளே மறுப்பு.

கணக்குத் தீர்க்கும் வேலை 1989 இறுதியில் சட்டமன்றத்துக்கு வந்தது. நவம்பர் 28 அன்று, ஆப்கானிஸ்தானில் பணியாற்றியபோது குற்றம் புரிந்த முன்னாள் படைவீரர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் தீர்மானத்தை உச்ச சோவியத் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று மக்கள் பிரதிநிதிகள் பேரவை, படையனுப்பிய முடிவு தார்மீக, அரசியல் கண்டனத்துக்கு உரியது என்று தீர்மானித்தது. ஒரு வல்லரசு தன் போரைத் தானே கண்டித்தது அரிதான காரியம். அதற்குரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தீர்மானம் 1979ஆம் ஆண்டின் நால்வரோடு நின்றுவிட்டது. 1985 அக்டோபருக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அதில் பொறுப்பாளிகள் இல்லை. பாகிஸ்தானிலும் ஈரானிலும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஆப்கன் அகதிகள் இருந்தார்கள். ஆப்கானியரில் மாண்டவர்கள் பத்து லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. பொதுமன்னிப்பு வழங்கப்பட்டபோது, அந்தக் குற்றங்களுக்கு ஆளானவர்களில் ஒருவரையும் எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அவர்களுக்கு ஆண்டுவாரி அட்டவணை ஒன்று இன்றுவரை இல்லை.