திருத்தம் பின்னால் வரும்

முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்கிளாயில் ஒரு விஞ்ஞான ரீச்சரின் கைபேசிக்கு இரவு ஒரு வினாத்தாள் வந்து விழுகிறது. தரம் 11, விஞ்ஞானம், முதலாம் பத்திரம். நாற்பது வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒரு பக்கம் சரிந்தபடி படம் பிடிக்கப்பட்டிருக்கிறது. இதயத்தின் வெட்டுமுகப் படத்துக்கு மேலே ஏதோ ஒரு ரியூட்டரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் சாய்வாக அடிக்கப்பட்டிருக்கின்றன. வலது சோணையறை எது என்று பிள்ளை கேட்டால் அந்த இலக்கத்துக்கு அழைத்துத்தான் கேட்கவேண்டும். அனுப்பியவர் 'பயன்படும்' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

இந்தத் தாள், பல தாள்களைக் கூட்டி நான் கற்பனை செய்த ஒன்று; ரீச்சரும் அப்படித்தான். ஆனால் அது வந்த வழி கற்பனை அல்ல. வடக்கில் தமிழ்மொழி மூலம் படிப்பிக்கும் எவரும் அதை அடையாளம் காண்பார்.

23ஆம் வினாவுக்கு வருவோம். ஒரு பொருளைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் அதன் நிறை என்னவாகும்? கூட வந்த விடைத்தாள் 'மாறாது' என்கிறது. மதுரையில் அது சரி. முல்லைத்தீவில் பிழை. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது கிலோகிராமில் அளப்பது; புவி அப்பொருளை இழுக்கும் விசைக்கு அங்கே எடை என்று பெயர். இலங்கைப் பாடநூலில் முன்னையது திணிவு. பின்னையதுதான் நிறை, நியூட்டனில் அளப்பது. சந்திரனில் அது ஏறத்தாழ ஆறிலொன்றாகிவிடும். அந்த விடையும் நான்கில் ஒன்றாக அங்கே கிடக்கிறது. விளங்கிப் படித்த பிள்ளை அதைத்தான் தெரிவுசெய்யும். விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தான் படித்ததைச் சந்தேகிக்கும். பயிற்சித் தாளில் ஒரு புள்ளி போவது பெரிய நட்டமில்லை. இந்தச் சந்தேகம்தான் நட்டம்.

தாளைக் கட்டியவர் அசட்டையானவர் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டு இணையத்தளம் ஒன்றிலிருந்து எடுத்த வினாக்களை அவர் சும்மா ஒட்டவில்லை. ஆக்சிஜனை ஒட்சிசன் ஆக்கியிருக்கிறார், எலக்ட்ரானை இலத்திரன் ஆக்கியிருக்கிறார். அழுத்தம் அமுக்கமாகியிருக்கிறது, முடுக்கம் ஆர்முடுகலாகியிருக்கிறது. அந்நியமாகத் தெரிந்த ஒவ்வொன்றையும் பிடித்துவிட்டார். நிறை மட்டும் நம் வீட்டுப் பிள்ளை போல நின்றதால் அதைத் தட்டிக் கேட்கவில்லை. இப்படியான பிழையை எழுதியவரால் காணமுடியாது. இன்னொரு கண் வேண்டும்.

அந்த இன்னொரு கண் முன்பு எங்கே இருந்தது? வடக்கில் உயர்தரம் படித்தவர்களுக்குத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெயரில் வெளிக்களம் இருந்தாலும் பிள்ளைகள் அறிந்தது அதன் தவணைப் பரீட்சைத் தாள்களைத்தான். பல பாடசாலைகளுக்கும் ஒரே தாள், அதற்கொரு புள்ளியிடும் திட்டம். ஒரு பொதுத் தாள் என்றால் எழுதியவர் ஒருவராகவும் பார்ப்பவர் இன்னொருவராகவும் இருப்பது வழக்கம். வினா எழுதியவரை மேசைக்கு எதிரே வைத்துக்கொண்டு 'இதுக்கு ரெண்டு விடை வருதே' என்று கேட்பதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. என்றாலும் கேட்டுவிடுவார்கள், ஏனெனில் அந்தத் தாளைத் தங்கள் பிள்ளைகளும் எழுதவேண்டும்.

அப்படியும் பிழை தப்பி அச்சேறும். றோனியோ உருளையில் சுற்றி முடிந்தபின் மெழுகுத்தாளை என்ன செய்வது? பரீட்சை தொடங்கிச் சற்று நேரத்தில் மேற்பார்வையாளர் எழும்பி நிற்பார். '23ஆம் வினாவில நிறை எண்டதை வெட்டித் திணிவு எண்டு எழுதுங்கோ.' பேனைகள் அசையும். பக்கத்து வகுப்புக்கும் ஒருவர் போய்ச் சொல்வார். தாளும் திருத்தமும் ஒரே அறையில் இருந்த காலம் அது. பரீட்சைத் திணைக்களத்தின் பெரிய தாள்களில்கூடக் குழப்பமான ஒரு பல்தேர்வு வினாவுக்கு எந்த விடை போட்டாலும் புள்ளி என்று விடைப் பட்டியலில் வருவதுண்டு. பிழையை ஒப்புக்கொள்ளும் ஒரு வழி அதற்கும் இருக்கிறது.

கொக்கிளாய்ப் பிள்ளைகளுக்கு அந்த அறை ஓரிடத்தில் நிற்கவில்லை என்பது வேறு கதை. 1984 டிசம்பரில் ஊர் இடம்பெயர்ந்தது. 2009க்குப் பிறகுதான் படிப்படியாகத் திரும்பியது. இடையில் ஒரு முழுத் தலைமுறை அடுத்த ஊர்ப் பாடசாலைகளிலும் அதற்கடுத்த ஊர்ப் பாடசாலைகளிலும் படித்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. 2009 ஓகஸ்ட் உயர்தரப் பரீட்சையை வன்னிப் பிள்ளைகள் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குள் இருந்து எழுதினார்கள். கொழும்பில் எழுதப்பட்ட அதே தாள்தான். தாள் எப்படியோ வந்து சேர்ந்தது என்பதைத்தான் நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வந்த தாளில் என்ன இருந்தது என்று பேச அப்போது எவருக்கும் மூச்சில்லை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லையோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு: தாள் கிடைத்ததே பெரிது, அதில் குறை காண்பதா?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வழி மாறியது. பாடக் குறிப்பு, செயலட்டை, மாதிரி வினாத்தாள் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் வைபரிலும் ஏறின. இரண்டு ஆண்டு கழித்துக் கடதாசியே இல்லாமல் போனது. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் கடதாசித் தட்டுப்பாட்டால் பிற்போடப்பட்டன. மேல் மாகாணத்துக்கே அந்த நிலை என்றால் கரையோர வீதியின் அந்தத்தில் இருக்கும் பாடசாலையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. முல்லைத்தீவிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். அளம்பில், செம்மலை தாண்டி, நாயாற்றுப் பாலம் ஏறி இறங்கி, கொக்குத்தொடுவாயும் கழிந்து போகவேண்டும். களப்பின் அக்கரை புல்மோட்டை, திருகோணமலை மாவட்டம். இந்தத் தூரத்தைக் கைபேசி ஒரே அடியில் இல்லாமல் செய்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு ஆசிரியர் உள்ள பாடசாலையில் அவருடைய ஆசிரியர் அறை அந்த வாட்ஸ்அப் குழுதான்.

ஆனால் தாள் அங்கே எந்த உருவில் வருகிறது என்று பாருங்கள். கட்டியவர் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார். யூனிகோட் வந்து இத்தனை காலமாகியும் நம் பாடசாலைத் தட்டச்சு பாமினியை விடவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் கோப்பைத் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். ஆகவே வேர்ட் கோப்பாக அனுப்புவதில்லை. பிடிஎஃப் ஆக்குவார்கள், அல்லது அச்செடுத்துப் படம் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் தாள் சீமெந்து போல இறுகிவிடுகிறது. வாசிக்கலாம், போட்டோக்கொப்பி அடிக்கலாம், மேலே பெயர் குத்தலாம். உள்ளே ஒரு எழுத்தை மாற்றமுடியாது. படமாகிவிட்டதால் தேடுபொறிக்கும் அகப்படாது. பிழையைக் கண்டவர் தன் பிரதியில் வெட்டி எழுதுவார். அந்த வெட்டு அவருடைய வகுப்போடு சரி.

இனி மரியாதை. தாளை அனுப்பியவர் ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகராக இருக்கலாம். கொக்கிளாய் ரீச்சரோ முதல் நியமனத்தில் கஷ்டப் பிரதேசத்துக்கு வந்து, வெள்ளி பின்னேரம் பஸ் பிடித்து வீடு போகிறவர். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுவில் எழுதமாட்டார். தனியே எழுதுவார்: 'சேர், குறை நினைக்காதேங்கோ, 23ஐ ஒருக்கால் பாருங்கோ.' சேர் பார்ப்பார். 'ஓம் பிள்ளை, சரிதான், நன்றி.' நல்ல மனிதர், கோபிக்கவில்லை. இருவருக்கிடையில் வினா திருந்திவிட்டது. குழுவில் கிடப்பது பழைய தாள். அது அதற்குள் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் போய்விட்டது. தாள் முன்னால் ஓடினால் திருத்தம் பின்னால் வரவேண்டும். இங்கே திருத்தம் புறப்படவே இல்லை.

இதற்கென்றே ஏற்பாடு செய்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். கலிபோர்னியா அரச பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கிய மெர்லட்டில் ஆசிரியர்கள் தங்கள் கற்பித்தல் சாதனங்களை இணையத்தில் பகிர, அதே துறை ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். துறைக்கொரு ஆசிரியர் குழு உண்டு. மூன்று விடயங்களைப் பார்ப்பார்கள்: உள்ளடக்கம் தரமானதா, படிப்பிக்கப் பயன்படுமா, கையாள இலகுவா. ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்றும் இடுவார்கள். நட்சத்திரத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. நான்கு நட்சத்திரம் வாங்கிய தாளிலும் 23ஆம் வினா அப்படியே இருக்கலாம். நமது கும்பிடும் கைகளும் ஒருவகை நட்சத்திரம்தானே. அவர்களிடமிருந்து எடுக்கவேண்டியது ஒன்றுதான்: மதிப்பீட்டு அறிக்கை அந்தச் சாதனத்தோடேயே ஒட்டி இருக்கிறது. சாதனத்தைத் தேடி வருபவர் அதன் குறையையும் சேர்த்தே காண்கிறார். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் நம்மிடம் இருக்கிறது, பாடநூலும் பாடங்களும் அங்கே கிடைக்கும். ஆனால் இரவில் கைபேசிக்கு வரும் தாள் அந்த வாசலால் வருவதில்லை.

ரீச்சர் ஒரு வாரவிடுமுறையில் அந்தத் தாளை முழுவதும் யூனிகோடில் திரும்ப அடித்தார் என்று வைத்துக்கொள்வோம். 23ஐ இரண்டாக உடைத்தார்: திணிவு என்னவாகும், நிறை என்னவாகும். தாளின் அடியில் 'வினா 23 திருத்தப்பட்டது' என்று திகதியோடு போட்டார். திருத்தக்கூடிய கோப்பாகவே குழுவில் இட்டு, 'பிழை இருந்தால் எனக்குத் தனியாக எழுதவேண்டாம், இங்கேயே எழுதுங்கோ' என்று சேர்த்தார். இந்த ஒரு வரி எத்தனையோ பேருடைய வாயைத் திறந்துவிடும்.

மன்னாரிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: 31இல் அலகு விடுபட்டுவிட்டது. அது ரீச்சர் திரும்ப அடிக்கும்போது நேர்ந்த பிழை, எல்லோருக்கும் முன்னால் திருத்துகிறார். கிளிநொச்சியிலிருந்து ஒருவர், 8க்கும் 19க்கும் ஒரே விடை என்கிறார். பிறகு 12. களப்பின் உணவுச் சங்கிலி பற்றிய வினா. இறாலைத் தாவரவுண்ணியாக வைத்திருக்கிறது. ரீச்சரின் வகுப்பிலேயே அதை ஒரு பையன் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வீட்டில் களப்பில்தான் தொழில். இறால் செத்ததுகள், புழு, பாசி எல்லாம் தின்னும், அதெப்படி மிஸ் மரக்கறி மட்டும் எண்டு போட்டிருக்கினம் என்று கேட்டிருக்கிறான். அனைத்துமுண்ணி என்று மாற்றினால் சங்கிலியில் அதன் இடம் இரண்டாகிறது, நான்கு விடைகளும் பிழையாகின்றன. இறாலை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம் என்கிறார் பழைய ஆசிரிய ஆலோசகர். எடுக்கவேண்டாம், சங்கிலியை விட்டுவிட்டு உணவு வலையாகக் கேட்போம் என்கிறார் வவுனியாவிலிருந்து இன்னொருவர். அப்படியென்றால் அது முதலாம் பத்திரத்துக்குரிய வினா அல்ல, இரண்டாம் பத்திரத்துக்குப் போகவேண்டும் என்கிறார் மன்னார்க்காரர்.